எரர் 2-ஐ விடு, மேலே போய்ப் பாரு

மச்சி,

நீ லாக் அனுப்பி ரொம்ப நாளாச்சு, பதில் போடல. திட்டிக்கோ. அம்மாவுக்குக் கால் வலி தேவலையா? ராயபுரம் கேரம் கோஷ்டி இன்னும் காசு வச்சுத்தான் ஆடுதா? சரி, உன் லினக்ஸ் பெட்டியில நீ சோர்ஸ்லேர்ந்து கம்பைல் பண்ணப் பாத்து நிக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு (நெட்ல போற டேட்டாவைப் பூட்டி அனுப்புற லைப்ரரி) வரேன்.

கடைசி வரியில "எரர் 2" வருதுன்னு அதையே பெருசாப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்க. அது மேக் (கம்பைல் வேலையெல்லாம் வரிசையா ஓட்டுற கருவி) வைக்கிற ஒப்பாரி. செத்தது யாருன்னு மேலேதான் இருக்கும். மேக்குக்கு ஜே8 (-j8) போட்டா எட்டு வேலை ஒண்ணா ஓடும், நிஜ எரர் நடுவுல தொலைஞ்சிடும். ஜே1 போட்டு ஓட்டு. எரர் அவுட்புட்டையும் சேர்த்து டீ (tee) கமாண்டால ஒரு ஃபைல்ல பிடிச்சு, முதல் "எரர்" எங்கன்னு கிரெப் (grep) கமாண்டால தேடிப் பாரு.

அந்த லாக்லயே "கிளாக் ஸ்கியூ டிடெக்டட்"னு, அதாவது கடிகாரம் தப்புன்னு, ஒரு வரி இருக்கே, கவனிச்சியா? மதர்போர்டு பேட்டரி போயிடுச்சு. தண்டையார்பேட்டையில கரண்ட் போய் வர்றப்பல்லாம் உன் பெட்டி பழைய வருஷத்துக்கு ஓடிடுது. நெட் இருந்தா நேரம் தானா சரியாகும், நீதான் டாங்கிளைக் கழட்டி வச்சிருப்பியே! சோர்ஸ் ஃபைல் தேதியெல்லாம் இன்னும் வராத தேதியாத் தெரியுது. எதைத் திரும்பக் கம்பைல் பண்ணணும்னு மேக் அந்தத் தேதியை வச்சுத்தான் முடிவு பண்ணும். அப்படியே மேக் டெஸ்ட் ஓட்டினா, சர்டிஃபிகேட் தேதி பாக்கிற டெஸ்ட்டும் ஃபெயில் ஆகும். சிஆர்2032 பட்டன் செல் போதும். ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போகாத, தெருமுனை வாட்ச் கடையிலயே கிடைக்கும். செல்லை மாத்தி நேரத்தைச் சரி பண்ணிட்டு, அந்த ஃபோல்டரை அழிச்சு டார் ஃபைலைப் புதுசாப் பிரி.

பிரிக்கிறதுன்னா ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வேண்டாம், 2023 செப்டம்பரோட அதுக்கு ஆதரவு முடிஞ்சுது. 3.5 எடு, 2030 ஏப்ரல் வரைக்கும் ஓடும். கான்ஃபிகர் பண்றப்போ பெர்ல் "ஐபிசி சிஎம்டி" மாட்யூல் கிடைக்கலன்னு கத்தினா பயப்படாத. ஃபெடோரா லினக்ஸ்ல அது தனி பேக்கேஜ்.

உன் புரோகிராம்ல வர்ற "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" (கூப்பிட்ட ஃபங்ஷன் லைப்ரரில இல்லன்னு அர்த்தம்) வேற கதை. அந்த "ஈவிபி எம்டி சிடிஎக்ஸ் நியூ" (EVP_MD_CTX_new) ஃபங்ஷன் 2016-ல வந்த 1.1.0-லதான் அந்தப் பேர்ல இருக்கு. அதுக்கு முன்னாடி கடைசியில "நியூ"வுக்குப் பதிலா "கிரியேட்". அதாவது ஹெடர் புதுசு, யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) ஃபோல்டர்ல கிடக்கிற 1.0.2 லைப்ரரி பழசு. ரெண்டையும் இணைக்கிற லிங்கர் பழசை எடுத்துக்குது. லிங்க் பண்றப்போ எஸ்எஸ்எல் முன்னாடி, கிரிப்டோ பின்னாடி. ரெண்டுமே உன் ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு அப்புறம்.

இது மட்டும் விளையாட்டு இல்ல மச்சி. ப்ரீஃபிக்ஸ்ல, அதாவது இன்ஸ்டால் ஆகுற இடமா, யூஎஸ்ஆர் (/usr) கொடுத்து சிஸ்டம் லைப்ரரி மேலயே எழுதிடாத. எஸ்எஸ்ஹெச், கர்ல், பைத்தான் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுது. வேற வெர்ஷன் உக்காந்தா ஒவ்வொண்ணா படுக்கும், சரி பண்றதுக்குப் பேக்கேஜ் இறக்கவும் முடியாமப் போகலாம். ஆப்ட் (/opt) டைரக்டரிக்குள்ள தனியா ஒரு ஃபோல்டர் கொடு. 64 பிட்ல லைப்ரரி "லிப்64"ல போய் உக்காரும். அந்த இடத்தைச் சிஸ்டம் தானாத் தேடாது, அதனால "ஷேர்டு லைப்ரரி கிடைக்கல"ன்னு வரும். அந்த வழியை லிங்க் பண்றப்பவே ஆர்பாத்ல (லைப்ரரி எங்கன்னு புரோகிராமுக்குள்ளயே எழுதி வைக்கிறது) கொடுத்துடு. எல்டிகான்ஃபிக் (சிஸ்டம் முழுசுக்குமான லைப்ரரி பட்டியல்) வேண்டாம், அதுல சேர்த்தா மத்த புரோகிராமும் உன்னோடதை எடுத்துக்கும்.

அப்பவும் நின்னா, முதல் எரரையும் அதுக்கு மேல பத்து வரியையும் அனுப்பு. டெக்ஸ்டா அனுப்புடா, போட்டோ வேண்டாம்.