கணிப்புப் பலித்தது, செய்தி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவு இன்னும் இருபது ஆண்டுகளில் எதையெல்லாம் செய்துவிடும் என்று கூறும் கட்டுரையொன்றைத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வாசித்தேன். அத்தகைய எதிர்வுகூறல்களை உரைத்துப் பார்ப்பதற்கு, நம் இலங்கையிலேயே வாழ்ந்து 2008 இல் மறைந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் கணிப்பு நல்லதொரு உரைகல்.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றிவரும் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் அவர் எழுதினார். அவற்றில் மனிதர் தங்கிப் பணிபுரிவர் என்று எண்ணியது மட்டும் பிழைத்தது. 1964 இல் சின்கொம் 3 என்ற செய்மதி அந்தச் சுற்றுப்பாதையில் நிலைகொண்டபோது, கணிப்பின் மூலக்கரு அப்படியே பலித்தது.

கல்லடியில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூரையில் ஒரு டிஷ் அன்டெனா இருந்தது. அதே உயரத்திலிருந்து நாடகமும் பாட்டும் நாள் தவறாமல் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்ததை ஹவாயிலுள்ள எச்சரிக்கை நிலையம் சில நிமிடங்களிலேயே அறிந்துகொண்டது. சுனாமி அலை நமது கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தது. ஆயினும் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்று இல்லாததால், ஒரு சொல்கூட எங்களை வந்து சேரவில்லை. மூன்றாம் நாள் வளவுக்குத் திரும்பியபோது, அந்த அன்டெனா நெளிந்து, தென்னையடி மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது.

2012 ஏப்ரல் 11 அன்று மீண்டும் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது, கரையோர மக்கள் ஊருக்குள் ஒதுங்கினார்கள், பேரலையும் வரவில்லை. வானத்துச் செய்மதி 2004 இலும் இருந்ததுதான். கடலில் அளவிடும் கருவிகளை நிறுத்தி, நாட்டுக்கு நாடு தகவல் சொல்லும் ஒழுங்கை ஏற்படுத்த வேண்டும் என்று மனிதர் தீர்மானித்ததே இடையில் நடந்த மாற்றம்.

கடந்த மாரியில் என் கைபேசிக்கு வந்த வெள்ள எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. "என்ன மனே போட்டிருக்கு?" என்று கேட்ட அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நான் வீட்டில் இல்லாதிருந்தால் அவருக்கு அது வெறும் மணியோசைதான். ஆகவே, இனிவரும் இயந்திரங்களைப் பற்றி எழுதுவோரிடம், அவை தரும் செய்தியை எங்கள் கரையோரக் குடிகளுக்கு எந்த மொழியில், யார் கொண்டுவந்து சேர்ப்பார் என்பதையும் எழுதுமாறு தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
கல்லடி வாசகர்,
மட்டக்களப்பு.