சிரிக்காமல் படி

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் என்று திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் நலம். அம்மாவும்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அவளுக்கு மூச்சுத் திணறி மூன்று நாள் ஐசியூ. இரண்டாம் நாள் ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கடவுள் குறுக்கிட்டால் இயற்பியல் விதி உடையும், அது நடக்காது என்று இருபது வருஷமாக உன்னோடு மல்லுக்கு நின்ற நான், கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். ரகுவிடம் சொல்லித் தொலைக்காதே.

கண்ணைத் திறந்ததுமே பழைய புத்தி: கடவுள் செய்வதானால் எந்த வழியாகச் செய்வார்? கோள்களின் பாதை மெல்லப் பிசகும், கடவுள் சரிசெய்ய வேண்டிவரும் என்று நினைத்தவர் நியூட்டன். அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தையா செய்துவைத்தார் என்று 1715-ல் ஜெர்மன் தத்துவஞானி லைப்னிஸ் கேலி செய்தார். பிறகு பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ், வியாழனும் சனியும் தடுமாறுவது ஏறத்தாழ 900 வருஷத்தில் தானே திரும்பும் ஊசலாட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்த வாசல் மூடியது.

உடனே நீ, அணுக்களின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலுக்கு ஓடுவாய். கதிரியக்கத் தனிமமான ரேடியத்தில் பாதி 1600 வருஷத்தில் சிதையும். இந்த ஓர் அணு எப்போது என்று விதி சொல்லாது. அங்கே அவர் விரல் வைத்தால் யாருக்குத் தெரியும் என்பாய். எப்போதாவது ஒரு தடவை என்றால் சரி. எல்லார் வேண்டுதலுக்கும் வைத்தால், ஒன்றைத் தட்டிவிட்டு இன்னொன்றைப் பிடித்து நிறுத்தி, சராசரி கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே! நோட்டும் பேனாவுமாக அவரைக் கணக்கப்பிள்ளை ஆக்கிவிட்டாயடா.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அன்றைக்கு ட்ரேயிலிருந்து ஒரு மருந்துக் குப்பி உருண்டு விழுந்தது; நர்ஸ் பேசிக்கொண்டே இடது கையால் பிடித்துவிட்டார். புவியீர்ப்பு விதி உடையவில்லை, ஒரு கை குறுக்கே வந்தது, அவ்வளவுதான். ஆற்றல் மாறாது என்பதும் வெளியிலிருந்து எதுவும் நுழையாத அமைப்புக்குத்தானே? பிரபஞ்சம் அப்படி ஒரு மூடிய பெட்டி என்பது நான் வைத்துக்கொண்ட அனுமானம். அதையும் இயற்பியல் விதி என்றே உன்னிடம் இத்தனை வருஷம் சாதித்திருக்கிறேன். அந்த மட்டில் நீ ஜெயித்தாய்.

துள்ளாதே. நர்ஸின் கை கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டரைத்தான் புகழ்கிறாள். நான் வேண்டிக்கொண்டதை அவளிடமும் சொல்லவில்லை.

உன்
மூர்த்தி