விற்பதற்கு முன் ஆயிலை மாற்றாதீர்கள்

பழைய லாரி விற்பனையாளர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் உறுப்பினர் ஒருவரிடம் நான் வாங்கிய ஆறு சிலிண்டர் டீசல் லாரி 41-ஆம் நாள் பாதி வழியில் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். என் புகார் உங்களிடம் இருக்கிறது. ‘பார்த்துத்தானே வாங்கினார், இருக்கிற நிலையில்தானே விற்றோம்’ என்று அவர் எழுதிக்கொடுத்த பதிலை நீங்களே எனக்கு அனுப்பிவைத்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

பார்த்துத்தான் வாங்கினேன். என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன்.

நான் போனபோது இன்ஜினைக் கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் அளவுக்கோட்டில் சரியாக நின்றது, இன்னும் முழுசாகக் கறுக்கவில்லை. “உங்களுக்காக ஆயிலும் ஃபில்டரும் புதுசாக மாற்றியிருக்கிறோம் அண்ணே” என்றார். சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் எடுத்தது. இன்ஜின் பிளாக்கைத் தொட்டால் சுட்டது. “இப்போதுதான் இடம் மாற்றி நிறுத்தினோம்” என்றார். நம்பினேன்.

டீசல் இன்ஜினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தி, 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்தச் சூட்டில்தான் டீசலை எரியவைக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், பிஸ்டன் ஏறியிறங்கும் குழாயான லைனரும் தேய்ந்த இன்ஜின் குளிரில் கிடந்தால் அந்தச் சூட்டை எட்டத் திணறும், புகையைக் கக்கும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் அதே இன்ஜின் சமர்த்தாக எழுந்துகொள்ளும். இது உங்களில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையிலேயே வெள்ளைப் புகை வந்தது. கொஞ்ச நேரம் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தது. போன் செய்தேன். “குளிரில் எல்லா டீசலும் அப்படித்தான்” என்றார். ஒரு வாரத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. ஊற்றினேன், மறுபடி குறைந்தது. எங்கேயும் ஒழுகக் காணோம். வண்டியை அங்கேயே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தாதது என் தவறு. கையில் ஒப்புக்கொண்ட லோடு இருந்தது, தவணைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

41-ஆம் நாள் இரவு முழு லோடுடன் போகையில் ஆயில் பிரஷர் முள் சரசரவென்று இறங்கியது. அடியில் இரும்பை இரும்பால் தட்டுகிற சத்தம். ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இன்ஜின் நின்றால் ஏர் கம்ப்ரஸரும் நிற்கும். தொட்டியில் காற்று இறங்கிவிட்டால் பின் சக்கரங்களின் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். இழுவை வண்டி வந்தும் அசைக்க முடியவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் பிரேக் சேம்பர்களில் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பிரேக்கை விடுவித்தேன். துருவும் மண்ணும் கண்ணில் கொட்டின. கைக்கெட்டும் தூரத்தில் மற்ற லாரிகள் பறந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் என் முகத்துக்கு மேலே சேசிஸ் லேசாக ஆடியது. ஒரு போல்ட் முழுசாகக் கழன்று வர எத்தனை லாரி கடந்தது என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன், பயத்தில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. விடிந்ததும் சரக்குக்காரர் வேறு வண்டி கொண்டுவந்து லோடை மாற்றிக்கொண்டு போனார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பட்டறையில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைத் திறந்தால், ஆயில் பாலைக் கலந்தது போல வெளுத்துக் குழம்பியிருந்தது. பேரிங்குகள் உருகிச் சுற்றிக்கொண்டதில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் நீலம் பாரித்திருந்தது. ஐந்தாவது சிலிண்டரின் லைனரை உருவி எடுத்த மெக்கானிக் அதை விளக்குக்கு முன்னால் பிடித்து என்னை உள்பக்கமாகப் பார்க்கச் சொன்னார். குண்டூசி முனையளவு ஒரு புள்ளி வெளிச்சம். வெளிப்பக்கம், பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில், மேலிருந்து கீழாக அம்மை வடு போல வரிசையாகக் குழிகள்.

ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் உண்டாகி, இரும்பின் மேலேயே உடைந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கின்றன. இன்ஜினைக் குளிரவைக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் சேர்க்கும் மருந்து லைனர் மேல் மெல்லிய படலம் போட்டு இதைத் தடுக்கும். இந்த வண்டியில் இருந்ததோ துருப்பிடித்த வெறும் தண்ணீர். துளை விழுந்ததும், நிறுத்தி வைத்த இரவுகளில் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து ரிங் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. முதல் நாள் காலையிலேயே புகை காட்டிய வண்டி இது. துளை என் கையில் விழுந்ததில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய ஆயில் இருந்திருந்தால் அதில் 100 மில்லி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பேன். தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது, பேரிங்கிலிருந்து ஈயமும் செம்பும் எவ்வளவு தேய்ந்து வந்திருக்கின்றன என்று சொல்லியிருப்பார்கள். கழுவாமல் விட்டிருந்தால் கசிவு தெரிந்திருக்கும். இன்ஜின் குளிர்ந்து கிடந்திருந்தால் அந்தப் புகையை நானே பார்த்திருப்பேன். எனக்காகச் செய்ததாகச் சொன்ன ஒவ்வொரு உபசாரமும் ஒரு சாட்சியை அழித்திருக்கிறது. அழித்துவிட்டு, பார்த்துத்தானே வாங்கினாய் என்று கேட்பது என்ன நியாயம்?

அதனால் நான் கேட்பது இதுதான். விற்பதற்கு முன் ஆயிலை மாற்றாதீர்கள், இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். வாங்க வருபவர் முன்னால், இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய ஆயிலில் ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள். காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற கம்ப்ரஷன் அளவைச் சிலிண்டர் வாரியாக எழுதிக் கொடுங்கள். இன்ஜின் கணினியில் பதிந்திருக்கும் பழுதுக் குறிகளை அழிக்காமல் அப்படியே காட்டுங்கள்.

கடன் கொடுப்பவர்களையும் கேட்கத்தான் வேண்டும். காகிதத்தைப் பார்க்கிறார்கள், சேசிஸ் எண்ணைத் தேய்த்து எடுக்கிறார்கள், டயரைத் தட்டுகிறார்கள். வண்டி சம்பாதித்தால்தான் தவணை கட்ட முடியும், சம்பாதிப்பது இன்ஜின், அதைத் திறந்து கேட்க ஒருவரும் இல்லை. வண்டி ஓடாவிட்டாலும் தவணை ஓடிக்கொண்டேயிருக்கிறது. வண்டி தயாரிப்பவர்கள் பழுதுக் குறியைப் படிக்கும் மென்பொருளைத் தங்கள் சர்வீஸ் நிலையத்துக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள், சாதாரண மெக்கானிக் குருடனாக நிற்கிறார். ஒற்றை வண்டியை நம்பிப் பிழைப்பவன் எந்தக் கதவைத்தான் தட்டுவது?

மன்னிக்கவும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்களிடம் கேட்க வந்தது உங்களால் செய்ய முடிகிற காரியம்தான். உங்கள் சங்கத்திலேயே, தெரிந்த குறையைச் சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். என் முதல் வண்டியை அப்படி ஒருவரிடம்தான் வாங்கினேன். அவர் தானாகச் செய்ததை உங்கள் உறுப்பினர் எல்லோருக்கும் விதியாக்குங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆயிலை மாற்றாமல், இன்ஜினைச் சூடாக்காமல் காட்டுங்கள்.

அந்த ஐந்தாவது லைனரைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறேன். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தால் கொண்டுவருகிறேன். ஒரு விளக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினரிடம் லாரி வாங்கிய ஓட்டுநர்