கணக்குப் போட்டவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை வீடு-மனை இணைப்பில் உலகின் உயரமான கட்டடங்கள் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். சிகாகோ சியர்ஸ் டவர் (இப்போது வில்லிஸ் டவர்) படம் பெரிதாக இருந்தது, எத்தனை மாடி, மேலே கண்ணாடித் தரையில் நின்று கீழே பார்க்கலாம் என்றெல்லாம் இருந்தது. அது எப்படி நிற்கிறது, யார் கணக்குப் போட்டு நிறுத்தினார் என்று ஒரு வரி இல்லை. 31 வருஷம் ஸ்ட்ரக்சுரல் டிசைன் (கட்டடம் விழாமல் நிற்கத் தூண், கம்பி, அஸ்திவாரத்துக்குக் கணக்குப் போடும் வேலை) பண்ணி ஓய்வு பெற்றவன், வயிறு எரிந்தது, எழுதுகிறேன்.

அவர் பெயர் ஃபஸ்லுர் ரகுமான் கான். 1929ல் டாக்காவில் பிறந்தவர். 1952ல் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் போய், மூன்றே வருஷத்தில் இரண்டு முதுகலை, மேலே ஒரு டாக்டர் பட்டம். (எனக்கு பி.இ. முடிக்கவே ஐந்தரை வருஷம் ஆனது, அந்த அரியர் கதை இங்கே வேண்டாம்.) நடுவில் ஊர்ப்பக்கம் திரும்பி (டாக்காவும் அப்போது பாகிஸ்தானில்தான்) கராச்சியில் வேலை பார்த்தார், டிசைன் பண்ண வழியில்லாமல் நிர்வாக வேலையாகவே போனது, 1960ல் மறுபடி சிகாகோவுக்கே கிளம்பிவிட்டார்.

வீடு கட்டும்போது நாம் பார்ப்பது பாரத்தைத்தான். உயரம் போகப் போக பாரத்தைவிடக் காற்றுதான் தொல்லை, பக்கவாட்டில் தள்ளுகிற அந்தக் காற்றைத் தாங்க இரும்பை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். கான் என்ன செய்தார் என்றால், தூண்களை வெளிச்சுவரை ஒட்டி நெருக்கமாக நிறுத்தி, பீம் போட்டு இறுக்கி, கட்டடத்தையே ஒரு குழாயாக்கிவிட்டார். மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வெறும் கூடு, ஆனால் எந்தக் காற்றுக்கும் நிற்கும். சியர்ஸ் டவரில் 75 அடிச் சதுரக் குழாய்கள் ஒன்பதைச் சேர்த்துக் கட்டினார். 50வது மாடியோடு இரண்டு நின்றுவிடும், 66ல் இன்னும் இரண்டு, 90ல் மூன்று, மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரை. உங்கள் படத்தில் படிப்படியாகத் தெரிகிறதே, அது அழகுக்காக வைத்ததில்லை, இந்தக் கணக்குதான். 442 மீட்டர், நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிட உயரம், ஆனால் சதுர அடிக்கு ஆன இரும்பு அதைவிடக் குறைவு. 1998ல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் வரும்வரை சியர்ஸ் டவர் உயரத்தை ஒருவரும் மிஞ்சவில்லை.

1971 போரின்போது சிகாகோவில் இருந்தபடியே வங்கதேசத்துக்காக நிதி திரட்டினார். ஜெத்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்கான அந்த வெள்ளைக் கூடார முனையத்திலும் அவர் வேலை உண்டு. 1982ல் அதே ஜெத்தாவில் மாரடைப்பில் போய்விட்டார், 52 வயது. சியர்ஸ் டவரின் காலடியில் தெருமுனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் தெருவுக்கு வைத்த பெயருக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இடமில்லையா?

இங்கே எங்கள் பெயரை எப்போது தேடுவார்கள் தெரியுமா? 2014 ஜூனில் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அந்த மாதிரி நேரத்தில். மற்ற நாளெல்லாம் "நாலு கம்பி கணக்குப் போட இவ்வளவு ஃபீஸா சார்" என்பதுதான். ஒருவர் என்னிடம் அப்படிப் பேரம் பேசி ஐயாயிரம் குறைத்துக்கொண்டு, அதே வாரம் ஹாலுக்கு இத்தாலி மார்பிள் எடுக்கப் போனார். இரண்டு மாடிக்குப் போட்டுக் கொடுத்த ஃபுட்டிங் (அஸ்திவாரம்) மேல் எனக்குச் சொல்லாமலே மூன்றாவது ஏற்றினார். தெரிந்து ஓடிப் போய்ப் பார்த்தால், பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கின் கொக்கியை 90 டிகிரியோடு விட்டிருந்தார்கள். 135 டிகிரி வளைத்து உள்ளே மடக்க வேண்டும், இல்லாவிட்டால் பூமி ஆடி மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துகொள்ளும். கம்பி கட்டும் பையனிடம் கேட்டேன். "அவ்வளவு வளைச்சா கை வலிக்குது சார், யார் பாக்கப் போறா" என்றான். அவனைத் திட்ட மனம் வரவில்லை, நானே உட்கார்ந்து பத்து ரிங் வளைத்துக் காட்டினேன், மறுநாள் எனக்கும் கை வீங்கித்தான் போனது. வீட்டுக்காரரிடம் மேல் மாடியை நிறுத்தச் சொன்னேன், அவர் என்னை நிறுத்திவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்தடுத்து வரும் கட்டுரைகளிலாவது ஆர்க்கிடெக்ட், புரமோட்டர், திறந்து வைத்த நடிகர் பெயரோடு ஸ்ட்ரக்சுரல் டிசைன் யார் என்று ஒரு வரி சேருங்கள். விளம்பரம் தருகிறவர்களிடமும் கேட்டு வாங்குங்கள். நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் பூங்கா என்று எட்டு வரி போடுகிறார்கள், ஒன்பதாவது வரியால் பக்கம் நிரம்பி வழியாது. கூடவே மேஸ்திரி பெயரையும் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்,
திருச்சி