குளுக்கோஸ் பொட்டலம் பீரோவில் பூட்டுவதற்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

டைப் 1 சர்க்கரை நோயுள்ள, அதாவது தினமும் இன்சுலின் போட்டாக வேண்டிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் கொடுத்தனுப்பும் குளுக்கோஸ் பொட்டலமும், ரத்தத்தில் சுகரை அளக்கும் குளுக்கோமீட்டரும் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் போய்விடுகின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சுகர் இறங்கும் பிள்ளை மாடிப்படி இறங்கிப் போய்ச் சாவி கேட்டு நிற்க முடியாது. அவை இரண்டும் வகுப்பறையிலேயே இருக்க வேண்டும்.

சுகர் 70 mg/dL-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். அதுவரை கோட்டுக்குள் எழுதிய பிள்ளையின் எழுத்து திடீரென்று சிதறும். கேட்டதற்குப் பதில் வராது, காரணமின்றி எரிந்து விழும். சேட்டை என்று வெளியே நிற்க வைத்துவிடுகிறார்கள். தனியே எங்கும் அனுப்பக் கூடாத நேரம் அது.

“சுகர் உள்ள பிள்ளைக்கு இனிப்பு கொடுக்கலாமா?” என்று தயங்கவே வேண்டாம். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்குச் சுமார் 10 கிராம், 50 கிலோ என்றால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. குளுக்கோஸ் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். மீட்டர் கைவசம் இல்லையா, காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள்.

நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதலில் 108, அப்புறம் பெற்றோர்.

இப்படிச் சுகர் இறங்குவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போட்ட பிறகு, ஆண்டு விழா ஒத்திகை என்று சாப்பாட்டை அரை மணி நேரம் தள்ளினாலே சுகர் சரியும். விளையாட்டு பீரியடுக்கு முன் சுகர் பார்த்து, குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்தே அனுப்ப வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளக் கழிப்பறையைக் காட்டாமல் ஒரு சுத்தமான மூலை ஒதுக்குங்கள்.

சிபிஎஸ்இ 2017-லேயே இந்தப் பிள்ளைகள் தேர்வறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. தேர்வு நாளில் கிடைக்கும் இந்தச் சலுகை, சாதாரண வகுப்பு நாளிலும் எல்லாப் பள்ளிகளிலும் வேண்டும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்காவது மீட்டர் பார்க்கவும் மேற்சொன்ன முதலுதவி செய்யவும் கல்வித்துறை பயிற்சி தர வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் இருப்பார்.

இப்படிக்கு,
டைப் 1 பிள்ளைகளின் பெற்றோர் சிலர், மதுரை