மரண உதவிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மரண உதவிச் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு,

வணக்கம். தொற்றுக் காலத்தில் செத்தவீட்டுக்கு வருகிறவரைத் தள்ளி இருக்கச் சொல்ல, துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு வாய் வராது. சங்கம் சொல்லலாம். பந்தலும் கதிரையும் ஒலிபெருக்கியும் உங்களிடம்தான் இருக்கின்றன. அதனால் சுகாதாரப் பணியில் உள்ள நாங்கள் உங்களுக்கு எழுதுகிறோம்.

கொரோனா வந்தபோது பேச்செல்லாம் இறந்தவரின் உடலைப் பற்றியே இருந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கும்வரை, உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டதால் முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனை இந்தப் பகுதிக்குத் தெரியும். ஆனால் கிருமியைப் பரப்பியது உயிரோடு இருப்பவர்களின் மூச்சுத்தான். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடலாம். வேறு நோயால் இறந்தவரின் வீட்டிலும் அதே ஆபத்து உண்டு.

முதல் வேலை ஓட்டோவில் போகும் மரண அறிவித்தல். காய்ச்சலோடு ஒருவர் வருவது அக்கறையில்லாமல் அல்ல, போகாவிட்டால் குறை சொல்வார்கள் என்ற பயத்தில். ஆகவே இதையும் சேர்த்து அறிவியுங்கள்: “காய்ச்சல், இருமல், தொண்டை நோவு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே அஞ்சலி செலுத்துங்கள், வராததைக் குடும்பத்தார் குறையாக எடுக்கமாட்டார்கள்.” உடல் எடுக்கும் நேரத்தில்தான் ஊரே திரளும். வீதி வீதியாக நேரம் பிரித்துக் காலையிலிருந்தே வரச் சொல்லுங்கள்.

கதிரையைக் குறைத்தால் கூட்டம் தானாகக் குறையும். ஒரு கதிரையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 அடி விட்டால், இருவருக்கிடையே ஒரு மீற்றர் கிடைக்கும். 20க்கு 30 அடிப் பந்தலில் வரிசைக்கு 4 வீதம் 5 வரிசை, 20 கதிரை. மிச்ச 5 அடி நடைபாதை. அதற்குமேல் லொறியிலிருந்து இறக்கவே வேண்டாம். இறக்கி ஒதுக்கி வைத்தால் யாராவது இழுத்துப் போட்டுச் சேர்ந்து இருந்துவிடுவார்கள். கச்சான் காற்றுக்குப் பக்கத் தறப்பாளை இறக்கிக் கட்டும் வழக்கத்தையும் விடுங்கள். காற்று ஊடறுத்துப் போகவேண்டும்.

வெற்றிலை வட்டா கைமாறிக் கைமாறிப் போகும். அதோடு, வாயில் போடவும் துப்பவும் முகக்கவசம் கழன்றுவிடும். தேத்தண்ணியும் அப்படித்தான். தொற்றுக் காலத்தில் இரண்டையும் நிறுத்துவது நல்லது. குடும்பத்தின் பெயரில் அல்ல, சங்கத் தீர்மானமாக.

கை கழுவ ஒருவருக்கு அரை லீற்றராவது போகும். வரும்போதும் போகும்போதும் கழுவினால் 200 பேருக்கு 200 லீற்றர், அதாவது ஒரு பெரல் முழுவதும். பாதியில் தண்ணீர் தீர்வதுதான் வழக்கமான பிழை. நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள்.

கதிரைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புமுன் முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் வீணாகிவிடும். பிறகு 10 லீற்றர் தண்ணீரில் 70 வீத டீ.சீ.எல். (குளோரின்) தூள் 14 கிராம், ஏறத்தாழ மட்டமாக ஒரு மேசைக்கரண்டி, கரைத்துத் துடைத்து 10 நிமிடம் விடுங்கள். தண்ணீரில்தான் தூளைப் போடவேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும். நேற்றுக் கரைத்ததை இன்று பாவிக்காதீர்கள். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் வலு குறையும்.

வருகிறவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், வந்த நேரம் மூன்றையும் ஒரே ஆள் ஒரே பேனையால் எழுதட்டும். அந்தக் கொப்பியை 14 நாள் செயலாளர் வைத்திருக்கவேண்டும். யாருக்காவது தொற்று உறுதியானால் அன்றே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். வேறு எவருக்கும் காட்டாதீர்கள்.

இப்படிக்கு,
கிழக்கின் சுகாதாரப் பணியாளர்கள் சிலர்