டைவ் கம்ப்யூட்டர் பழுதும் உங்கள் சேவை மையத்தின் அலட்சியமும்: இறுதிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், மும்பை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தப் புகாரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒருவராவது உங்கள் அலுவலகத்தில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. சென்னை எண்ணுக்கு அழைத்தால் கோவைக்குப் போகச் சொல்கிறார்கள். கோவைக்குப் போனால் மும்பைக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். மும்பையிலிருந்து வரும் பதிலோ, "அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்" என்கிறது. அந்தச் சேவை மையத்தால்தான் எனக்கு இந்த நிலைமையே வந்தது. இனி யாரிடம் போவது என்று தெரியாமல்தான் தலைவராகிய உங்களுக்கே எழுதுகிறேன். பொறுமையோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கருவியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீருக்குள் இறங்குபவரின் ஆழம், மேலேறும் வேகம், உடலில் சேரும் நைட்ரஜன் எல்லாவற்றையும் கணக்கிட்டுக் காட்டும் அந்த டைவ் கம்ப்யூட்டர் உங்களுடையது. அமெரிக்காவில் மீட் ஏரியின் அடியில் கிடக்கும் ஒரு பழைய விமானத்தைப் பார்க்கப் புறப்படும் முன், திரையில் பேட்டரிச் சின்னம் மின்னத் தொடங்கியதும் கோவையில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கொடுத்தேன். புதிய பேட்டரி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதியது, அழுத்தச் சோதனை என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கி ரசீது கொடுத்தார்கள். நகல் இணைத்துள்ளேன். அதே கருவி, மீட் ஏரியில் முதல் முறை இறங்கியபோதே தண்ணீர் புகுந்து செத்துப்போனது.

அது நடந்தது சுமார் 12 மீட்டர் ஆழத்தில், மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய படகின் அருகில். கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாக ஆவி படர்ந்தது. ஓரத்தில் ஒரு துளி திரண்டு உருண்டது. ஆழம் காட்டும் எண்ணில் பாதிக் கோடுகள் அழிந்தன. அப்புறம் திரை முழுவதும் கறுத்துவிட்டது. மேலே ஏறும்போது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறேன் என்று காட்ட என் கையில் எதுவும் இல்லை. உடன் வந்த வழிகாட்டி பக்கத்தில் இருந்ததால்தான் இன்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் கோவை மையத்தில் முன்மேசையில் இருப்பவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாவற்றையும் மன்னித்தாலும் அவர் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நேரில் வந்தால்தான் கருவியைப் பெற்றுக்கொள்வோம் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, மழையில் கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். குஞ்சப்பனைக்கு மேலே சாலையில் மரம் விழுந்து பஸ் வெகுநேரம் நின்றது. ஒருவழியாக மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து கோவை போய், நனைந்த சட்டையோடு உங்கள் மேசை முன் நின்றேன். அவர் தலை நிமிராமலே, "இணையத்தில் டோக்கன் போட்டீர்களா?" என்றார். நேரில் வந்தால் போதும் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள் என்றேன். "யார் சொன்னார்களோ அவரிடமே போய்க் கேளுங்கள்" என்றார். மலையிலிருந்து வந்திருக்கிறேன், திரும்பிப் போக பஸ் கிடைக்காது என்று கெஞ்சினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மலையில் இருக்கிறவருக்கு ஸ்கூபா எதற்கு சார்? பாலைவனத்தில் ஏரியாம், அதற்குள்ளே விமானமாம். கதை சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டும்."

வரிசையில் நின்ற எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டார். இத்தனை வருடங்களாகத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். என்னை யாரும் பொய்யன் என்று சொன்னதில்லை.

அவருக்கு மட்டுமல்ல, உங்கள் நிறுவனத்துக்கே தெரியட்டும். மீட் ஏரி அமெரிக்காவில் நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில், மொஹாவே பாலைவனத்தில் இருக்கிறது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930களில் கட்டிய ஹூவர் அணையால் உருவானது. அணை நீர் ஏறியபோது செயின்ட் தாமஸ் என்ற ஊரே 1938இல் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் அதன் அடித்தளங்கள் வெளியே தெரிகின்றன. விமானமும் கதை அல்ல. 1948 ஜூலை 21 அன்று, ஆய்வுக் கருவிகளோடு தாழப் பறந்த பி-29 என்ற குண்டுவீச்சு வகை விமானம் ஒன்று நீர்ப்பரப்பில் மோதி மூழ்கியது. அதிலிருந்த ஐந்து பேரும் உயிர் தப்பினார்கள். விமானம் மட்டும் அடியில் தங்கிவிட்டது. 2001இல்தான் சோனார் என்ற ஒலியலைக் கருவி வைத்துத் தேடி அதைக் கண்டுபிடித்தார்கள். தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் அது. அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே இறங்க முடியும். எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா அணைகளின் கரையில் நின்று, இந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். அந்த விமானத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து ஒரு முறையாவது அருகில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன். புதுச்சேரியில் பயிற்சி எடுத்ததும், ஆழத்துக்கான சான்றிதழ் வாங்கியதும், லாஸ் வேகாஸில் வேலை பார்க்கும் என் மகன் பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்ததும் இதற்காகத்தான்.

கருவி செத்துப்போன மறுநாள் அதிகாலையில் அந்த விமானத்தைப் பார்க்கப் படகு கிளம்பியது. நான் கரையில் நின்றேன்.

"வேறு கருவியை வாடகைக்கு எடுத்திருக்கலாமே" என்று உங்கள் சென்னைப் பெண் ஊழியர் கேட்டார். டைவ் கம்ப்யூட்டர் விற்கும் நிறுவனத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? முந்தைய இறக்கத்தில் உடலில் சேர்ந்த நைட்ரஜனின் கணக்கு உங்கள் கருவியோடு போய்விட்டது. புதிய கருவிக்கு அது தெரியாது. 24 மணி நேரமாவது கழித்துத்தான் வேறு கருவியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்று வழிகாட்டி உறுதியாக மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அதற்குப் பிறகு இறங்கவும் வழியில்லை. ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்கு முன், உடலிலிருந்து நைட்ரஜன் வெளியேறக் கொடுக்க வேண்டிய இடைவெளியைக் கணக்கிட்டால் நாள் மிஞ்சவில்லை. இதையும் அந்தப் பெண்ணுக்கு நானே சொல்லித்தர வேண்டியிருந்தது.

உங்கள் மறுப்புக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் எழுதியிருக்கிறீர்கள். நன்னீர் ஏரியில் பயன்படுத்தியது வாரண்டிக்குள் வராது என்பது ஒன்று. உங்கள் கருவியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். உப்பு நீர், நன்னீர் என்று தேர்வு செய்ய நீங்களே இடம் வைத்திருக்கிறீர்கள். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், நன்னீரில் அதற்குச் சுமார் 10.3 மீட்டர் வேண்டும். அந்த வித்தியாசத்துக்காகத்தானே அது? உயரத்துக்கும் தனி அமைப்பு இருக்கிறது. மீட் ஏரியின் நீர்ப்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல். அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் கருவியை வாங்கினேன்.

மலையில் இருப்பவருக்கு எதற்கு என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மலையில் இருப்பவனுக்குத்தான் இது அதிகம் வேண்டும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். புதுச்சேரியில் கடலுக்குள் இறங்கிவிட்டு உடனே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வீட்டுக்கு வந்தால், அழுத்தம் குறைந்து உடலில் மிஞ்சிய நைட்ரஜன் குமிழிகளாகலாம்; விமானம் ஏறியதைப் போன்ற ஆபத்து. சமவெளியில் இருப்பவர் கரையேறியதும் வீட்டுக்குப் போகலாம். நான் அடிவாரத்தில் தங்கி, உங்கள் திரையில் நேரம் கழிகிறதா என்று பார்த்துத்தான் மலை ஏறுகிறேன். அந்தத் திரையை நம்பித்தான் என் உயிர் இருக்கிறது. இதைத் தெரியாத ஒருவரை மேசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது காரணம், பயனரின் கவனக்குறைவு. நன்றாகக் கழுவி உலர்த்தவில்லையாம். மீட் ஏரியில் 2007இல் குவாகா என்ற சிப்பி இனம் கண்டுபிடிக்கப்பட்டது. அது வேறு நீர்நிலைகளுக்குப் பரவிவிடக் கூடாது என்பதால் அங்கே இறங்கும் பொருள் எதுவானாலும் கழுவி, வடித்து, உலர்த்திய பிறகே எடுத்துப்போக வேண்டும். நான் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் புகுந்ததோ ஏரிக்குள் இருந்தபோது. கழுவுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உண்மையான காரணம் படத்தில் இருக்கிறது. உங்கள் கருவிகளையே விற்கும் அங்குள்ள கடையில், என் மகனும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேட்டரி மூடியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த ஓ-ரிங் புதியதே அல்ல. தட்டையாகி, ஒரு பக்கம் பளபளப்புப் போய்க் கிடந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு வெள்ளை நூலிழை, துடைத்த துணியிலிருந்து ஒட்டியது. கிரீஸ் தடவிய அடையாளமே இல்லை. ஓர் இழை போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும் என்பது எங்கள் தொழிற்சாலையில் நேற்றுச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். அழுத்தச் சோதனை செய்திருந்தால் உங்கள் மேசையிலேயே கசிந்திருக்கும். செய்யாத சோதனைக்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். மாற்றாத ஓ-ரிங்குக்கும் வாங்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல விட்டுப்போனது. என் புகாரை ஒரு முறை நீங்களாகவே முடித்து வைத்தீர்கள். "வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கவில்லை" என்பது காரணம். எஸ்டேட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, மாலையில் அழையுங்கள் என்று ஒவ்வொரு மின்னஞ்சலிலும் எழுதியிருந்தேனே!

ஐயா, சண்டை போட எனக்கு விருப்பமில்லை. உங்கள் கருவி நல்ல கருவி என்று நண்பர்களுக்குச் சொன்னவன் நான். தவறை ஒப்புக்கொண்டு பண்போடு ஒரு பதில் வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நான் கேட்பது இவைதான்: கருவியின் முழு விலையும் சேவைக்கு வாங்கிய தொகையும் திரும்ப வேண்டும். வீணாய்ப்போன படகுப் பதிவுக்கும், அமெரிக்காவுக்குப் போய்வந்த விமானக் கட்டணத்துக்கும், என் மன உளைச்சலுக்கும் சேர்த்துப் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு வேண்டும். உண்மையைச் சொன்னால், பத்து லட்சம் அல்ல, உங்கள் நிறுவனத்தையே எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காலைப் பொழுது எனக்குத் திரும்பக் கிடைக்காது. என் வயதில் இன்னொரு முறை அங்கே போக முடியுமா என்பதே சந்தேகம். முன்மேசை ஊழியர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அதற்கும் நீங்கள் அசையாவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இனி நான் மலை இறங்கி உங்களிடம் வர மாட்டேன். ஆணையம் அழைத்தால் நீங்கள் மலை ஏறி வர வேண்டியிருக்கும்.

பழுதான கருவி இப்போது உங்கள் கோவை மையத்தில், உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதிலிருக்கும் பழைய ஓ-ரிங்கைக் கழற்றி எறியவோ வேறொன்றை மாட்டவோ கூடாது என்று இதன் மூலம் அறிவிக்கிறேன். அது வழக்கின் சாட்சியம். அதன் படங்கள் தேதியோடு என்னிடம் உள்ளன.

இணைப்பு: கொள்முதல் ரசீது, சேவை ரசீது, படங்கள், படகுப் பதிவுச் சீட்டு, உங்கள் மறுப்புக் கடிதம்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்,
கோத்தகிரி.